டீசலுக்கு அடியில் மணல்

மறுபடியும் மண்தான். பழைய பெயின்ட் டப்பாவில் டீசலை ஊற்றி, மெஷின் வாளின் செயினைச் சுருட்டி உள்ளே போட்டு, ஒரு பானை சோறு வேகிற நேரம் ஊறவிட்டு எடுத்தால் டீசல் கறுக்கத்தான் செய்யும். ரப்பர் மரத்துப் பால் காய்ந்து பிசினாகி, மரத்தூளும் எண்ணெயும் அதோடு ஒட்டிக்கொண்டு களி மாதிரி இறங்கும். அது வழக்கம். டப்பாவைச் சாய்த்தால் அடியில் நறநறவென்று ஒரு சத்தம் கேட்கிறதே, அது வழக்கம் இல்லை. விரலை விட்டுத் தடவிப் பார்க்கிறேன். மணல். இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டினால் உருளுகிறது. போன ஞாயிற்றுக்கிழமையும் இருந்தது, அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமையும் இருந்தது. முதலில் நான் கோழியைத்தான் சந்தேகப்பட்டேன், டப்பாவுக்குப் பக்கத்தில் கிண்டிக் கிளறி மண்ணை விழத்தட்டியிருக்கும் என்று கல்லை எடுத்து எறியக்கூடச் செய்தேன், பாவம் அது. இந்தத் தடவை டப்பாவைக் கஞ்சிப் பானை தேய்க்கிற மாதிரி தேய்த்து, வெயிலில் கவிழ்த்துப் போட்டு, துணியால் துடைத்துத்தான் டீசல் ஊற்றினேன். இனி கோழியையும் சொல்ல முடியாது, டப்பாவையும் சொல்ல முடியாது. செயின்தான் மண்ணைக் கொண்டு வந்திருக்கிறது. அப்படியென்றால் வாள் தரையைத் தொட்டிருக்கிறது. தபசிமுத்துவின் வாள் தரையைத் தொட்டிருக்கிறது. இந்தக் குலசேகரம் பக்கத்தில் வேறு யாருடைய வாள் தொட்டாலும் நான் நம்புவேன். மரத்தை அடியில் அறுத்து முடிக்கிற நேரம், மண்ணுக்கு ஒரு சாண் மேலே வாளை நிறுத்தி, பூவை எடுக்கிற மாதிரி வெளியே எடுக்கிற மனுஷன் என்னுடைய வீட்டுக்காரர். புதிதாக மெஷின் வாங்கின பிள்ளைகள் இரண்டு நாளில் செயினை மண்ணில் கொடுத்து மொட்டையாக்கிக் கொண்டு வந்து நின்றால், "லேய், மரத்த முறிக்கச் சொன்னா கெழங்கு தோண்டிட்டு வந்திருக்கியா?" என்று கேட்பார். இப்போது இவர் எந்தக் கிழங்கைத் தோண்டினார்? பழைய பல் தேய்க்கிற பிரஷை எடுத்து ஒவ்வொரு பல்லாகத் தேய்க்கிறேன். முதுகு வலிக்கிறது. உட்கார்ந்தால் ஒரு வலி, எழுந்தால் ஒரு வலி, அதனால் உட்கார்ந்த வலியோடேயே இருந்துவிடுகிறேன். நகக்கண்ணில் டீசல் ஏறி எரிகிறது. ராத்திரி எவ்வளவு சோப்புப் போட்டாலும் நாளைக்குக் காலையில் தேங்காய்த் துவையலில் இந்த வாடை இருக்கும், அவர் ஒன்றும் சொல்லமாட்டார், இத்தனை வருஷமும் சொன்னதில்லை.

கூர் வைக்கிறதுக்கு முன்னால் ஒரு கழுவல், கூர் வைத்த பிறகு ஒரு கழுவல், இரண்டும் என்னுடையது. நடுவில் அரம் போடுகிறது அவருடையது. முதல் கழுவலில் பிசின் போகவில்லை என்றால் அரம் வழுக்கும், அரத்தின் பல்லெல்லாம் அடைத்துப் போகும். இரண்டாவது கழுவலில் இரும்புப் பொடி போகவில்லை என்றால் அது கண்ணிக்குக் கண்ணி உட்கார்ந்து வாளின் தகட்டையே தின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்து, சாப்பிட்டு, ஒரு கண் உறங்கி எழுந்து இதைச் செய்வோம். ஒரு நாள் போதகர் வழியோடு போனவர் நின்று, "என்ன தபசி, ஓய்வு நாள்ல அரம் போடுகியா?" என்று கேட்டதற்கு, "உக்காந்துதான் இருக்கேன் ஐயா, ஓய்வாத்தான் இருக்கேன்" என்று இவர் சொல்ல, அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். பிறகு வீட்டுக்குள் வந்து, "போதகருக்கு வீட்டு முற்றத்துல ஒரு பிலாவு மரம் சாஞ்சு நிக்கு, என்னய அவரு பகைக்கமாட்டாரு" என்றார். அப்படி ஆள். கல்யாணமான புதிதில் மெஷின் எங்கே, இரண்டு பேர் இழுக்கிற கைவாள்தான், அந்தப் பக்கம் ஒருவர் இந்தப் பக்கம் ஒருவர், சாயங்காலம் வந்தால் தோள் இரண்டும் கல் மாதிரி இருக்கும், நான் எண்ணெய் காய்ச்சித் தடவுவேன். மெஷின் வந்த நாளில் எனக்குப் பயம், வயிற்றுக்குள் புகுந்து இரைகிற மாதிரி சத்தம். பிறகு அந்தச் சத்தமே எனக்குக் கூட்டு. அவர் இரண்டு மேடு தாண்டி நின்று மரம் முறித்தாலும் அடுக்களையில் நின்று எனக்குத் தெரியும், இப்போது பட்டையில் ஓடுகிறது, இப்போது வயிரத்தில் ஏறுகிறது, இப்போது வெளியே வந்துவிட்டது, இனி மரம் விழும், என்று. சத்தம் நின்று, மரம் விழுகிற ஓசை கேட்டு, பிறகு மறுபடியும் மெஷின் இரைகிற வரைக்கும் நான் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நிற்பேன், யாரிடமும் சொன்னதில்லை. இந்தக் கொஞ்ச நாளாக அந்தச் சத்தத்தில் ஒரு தடுமாற்றம். மரத்துக்குள் போனது பாதியில் வெளியே வந்து, மறுபடியும் போகிறது. வழி தெரியாதவன் வீட்டு நடையில் நின்று கதவைத் தட்டுகிற மாதிரி. வயசாகிறது, மூச்சு வாங்கியிருக்கும் என்று நானே சொல்லிக்கொண்டேன். நிலைக்கதவில் வலது தோளை இடித்துவிட்டு, "கதவு சின்னதாப் போச்சு பிள்ளே" என்றார், நானும் சிரித்தேன். கோயிலில் எப்போதும் நடுப்பெஞ்சில் இருக்கிறவர் வலதுபக்கச் சுவரோரம் போய் ஒட்டி உட்கார்ந்தார், காற்று வரும் என்றார், அங்கே எந்தக் காற்று. கட்டஞ்சாயாவை வலதுபக்கம் வைத்தால் கை தட்டிக் கவிழ்க்கிறார், இடதுபக்கம் வைத்தால் குடிக்கிறார். கோயில் மண்டபத்தில் கண் பரிசோதனைக்கு டாக்டர்மார் வந்த அன்றைக்கு இவருக்குத் தக்கலையில் ஏதோ ஜோலி. இதையெல்லாம் தனித்தனியாக வைத்திருந்தேன். ஒன்றோடு ஒன்றைச் சேர்க்காமல் வைத்திருந்தேன். இந்த மணல்தான் சேர்த்துவிட்டது. வலது கண் போயிருக்கிறது. ஒரு கண்ணை வைத்துக்கொண்டு தரை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்குப் பண்ண முடியவில்லை, வாள் போய் மண்ணைத் தொடுகிறது. நான் இங்கே உட்கார்ந்து அதைக் கழுவிக் கழுவிக் கொடுக்கிறேன்.

ரப்பர் தோட்டம் என்றால்கூடப் போகட்டும், வரிசையாக நிற்கிற மரம், எந்தப் பக்கம் விழுந்தாலும் இன்னொரு ரப்பர் மரத்தின்மேல் விழும். நாளைக்கு வேதமணி சாருடைய அயினி மரம். அந்த அயினி வீட்டு ஓட்டின்மேல் சாய்ந்து நிற்கிறது, அந்தப் பக்கம் கரண்டுக் கம்பி, நடுவில் ஒரு பாயை விரித்தாற்போல ஒரு இடம், அந்தப் பாயில் கொண்டு போய் மரத்தைக் கிடத்த வேண்டும். அதற்குத்தான் இவரைக் கூப்பிடுகிறது. வீட்டோரத்து மரம் என்றால் தபசியைக் கூப்பிடு என்பார்கள். வடம் பிடிக்கிறது யோவேல், எனக்கு நேர் இளைய தம்பி, என் இடுப்பில் இருந்து வளர்ந்தவன், இவரோடு மரத்துக்குப் போக ஆரம்பித்து அவனுக்கும் தலை நரைத்துவிட்டது. மரத்தின் உச்சியில் வடத்தைக் கட்டி, விழவேண்டிய பக்கம் தூரமாக நின்று அவன் இழுத்துப் பிடிப்பான், இவர் அடியில் அறுப்பார். முன்பக்கம் ஒரு வாய் வெட்டி, பின்பக்கம் அறுத்துக்கொண்டு வந்து, நடுவில் ஒரு கை அகலத்துக்குக் கொஞ்சம் அறுக்காமல் விடுவார், அந்தக் கொஞ்சம்தான் கதவுக்குக் கீல் மாதிரி, அதைப் பிடித்துக்கொண்டுதான் மரம் சொன்ன பக்கம் சாயும். அது ஒரு பக்கம் கூடி ஒரு பக்கம் குறைந்தால் மரம் திருகிக்கொண்டு தன் இஷ்டத்துக்கு விழும். பேச்சிப்பாறை போகிற வழியில் ஒரு தோட்டத்தில் அப்படித்தான் ஒருவன் செத்துப்போனான், கல்யாணம் ஆகாத பையன், இவர் போய் மரத்தைத் துண்டு துண்டாக அறுத்து எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து, அன்றைக்கு முழுக்கக் குளிக்காமல் முற்றத்தில் நின்றார். "மரத்துக்க மேல குத்தம் இல்ல" என்று மட்டும் சொன்னார். அந்த முகம் எனக்கு இப்போது ஞாபகம் வருகிறது, எதற்கு வருகிறது, வேண்டாம். யோவேலுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். கடைசிப் பல்லையும் தேய்த்து, செயினைத் தூக்கி உதறி, துணியில் பொதிந்து ஈரத்தை எடுத்து அவரிடம் கொண்டு போகிறேன். தென்னந்தடியில் பழைய வாள்தகடு ஒன்றைப் பதித்து வைத்திருக்கிறார், செயினை அதில் மாட்டித்தான் அரம் போடுவார். "மண்ணு கெடந்துது" என்கிறேன். "ஆங்?" "செயின்ல. மண்ணு கெடந்துது." அவர் அரத்தைத் துடைத்துக்கொண்டே, "மழையில்லா, மரத்துக்க மூட்டுல மண்ணு தெறிச்சிருக்கும்" என்கிறார். "மூணு வாரமா தெறிக்குதா?" "மூணு வாரமா மழைதான பிள்ளே." மழைதான். மூன்று வாரமாக மழைதான். "உங்களுக்கு உடம்புக்கு ஒண்ணும் செய்யல்லியே?" என்கிறேன். "எனக்கு என்ன செய்ய? நீ போயி உக்காரு, நடுவு வலிக்குன்னு சொன்னியே." முதுகு வலிக்கிறது என்று நான் காலையில் சொன்னது அவருக்கு ஞாபகம் இருக்கிறது. நான் போய் உட்காருகிறேன். கேட்டிருக்கலாம், கண் தெரியவில்லையா என்று நேராகவே கேட்டிருக்கலாம். இரண்டு வார்த்தை. கேட்டால் அவர் இல்லை என்பார், இல்லை என்று சொல்லிவிட்டால் பிறகு அவரால் அந்த இல்லையை விட்டு இறங்க முடியாது, அவருடைய சுபாவம் எனக்குத் தெரியும், அந்த இல்லையைக் காப்பாற்றவே இன்னும் பெரிய மரமாகப் பார்த்து ஏறுவார்.

அரம் போடுகிற சத்தம் வருகிறது. கண்ணை மூடிக்கொள்கிறேன், அசதி, ஆனால் காது மூடவில்லை. மொட்டைப் பல்லில் அரம் விழுந்தால் கர்ரென்று சொரசொரப்பாகக் கேட்கும், கூர் ஏற ஏறச் சத்தம் மெலிந்து, கடைசித் தள்ளலில் பட்டுத்துணி கிழிகிற மாதிரி வரும், அதோடு அடுத்த பல்லுக்குப் போய்விடுவார். கர்ர், கர்ர், பிறகு அந்தப் பட்டுச் சத்தம். இந்தப் பாட்டுக்கு எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை நான் உட்கார்ந்தபடியே உறங்கியிருக்கிறேன். பல்லில் ஒன்று இடதுபக்கம் பார்க்கும், ஒன்று வலதுபக்கம் பார்க்கும், இப்படி மாறி மாறி. ஒரு பக்கத்துப் பல் எல்லாம் முடித்துவிட்டு, அந்தப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து மற்றதைப் போடவேண்டும். செயின் வட்டமாகப் போவதால் எங்கே ஆரம்பித்தோம் என்று தெரியாது, அதற்கு ஒரு பல்லின் தலையில் சிவப்பு நெயில் பாலிஷ் தொட்டு வைத்திருக்கிறோம், மகள் கல்யாணமாகிப் போகும்போது விட்டுப்போன குப்பி. சிவப்பில் ஆரம்பித்து சிவப்பு வந்தால் நிறுத்தவேண்டும். கர்ர், கர்ர், பட்டு. செயினை நகர்த்துகிற சின்னக் கிலுக்கு. மேலே எங்கேயோ ஒரு செம்போத்து கூவுகிறது. மகள் போன் பண்ணினால் என்ன சொல்ல, அப்பாவுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்பாள், நல்லா இருக்காரு என்பேன். நான் சொல்லாத எல்லாவற்றையும் சேர்த்து வைத்தால் ஒரு நெல்லுப் பத்தாயம் நிறையும். கர்ர், கர்ர். பிறகு திடீரென்று கர்ர் இல்லை. முதல் தள்ளலிலேயே பட்டுச் சத்தம். கண்ணைத் திறந்துவிட்டேன். அடுத்த பல்லும் அப்படியே, கர்ர் இல்லாமல், வழவழவென்று. அதற்கடுத்ததும். முன்னமே கூர் வைத்த பல்லில் மறுபடியும் அரம் போகிறது. சிவப்பைத் தாண்டிவிட்டார். சிவப்பைப் பார்க்காமலே தாண்டிவிட்டார். அவருடைய கையில் தெரியாதா, அரம் இப்படி வழுக்குகிறதே என்று கைக்குத் தெரியாதா? தெரிகிறது. நிறுத்துகிறார். செயினைக் கொஞ்சம் பின்னால் இழுத்து, முகத்தைச் சாய்த்து, இடது கண்ணை அதன் பக்கத்தில் கொண்டுபோய்க் கோழி பார்க்கிற மாதிரி பார்க்கிறார். கட்டைவிரலால் தடவித் தடவித் தேடுகிறார். நான் தூணுக்குப் பின்னால் இருக்கிறேன், நான் பார்ப்பது அவருக்குத் தெரியாது. சட்டையில் கண்ணைத் துடைக்கிறார். சுற்றிலும் யாராவது பார்த்தார்களா என்று திரும்புகிறார், இடதுபக்கமாகத்தான் திரும்புகிறார், நான் வலதுபக்கம் இருக்கிறேன். எனக்கு எழுந்து போய் அவர் தலையைப் பிடித்துக்கொள்ளவேண்டும் போல இருந்தது. போகவில்லை. போனால் அவர் தடவித் தேடினதை நான் பார்த்தேன் என்று ஆகிவிடும். கர்ர், கர்ர், மறுபடியும் எங்கேயோ ஆரம்பித்துவிட்டார்.

"ந்தா, முடிஞ்சு" என்று செயினைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெள்ளம் குடிக்க உள்ளே போகிறார். இரண்டாவது கழுவல். புது டீசல் கொஞ்சம் ஊற்றி முக்கினால் இரும்புப் பொடி புகை மாதிரி இறங்குகிறது. பிரஷை எடுத்து, பல்லை அடுத்தடுத்து வைத்து விரலால் தடவுகிறேன். ஒரு பக்கத்தில் சில பல் நெட்டை, சில பல் குட்டை. இரண்டு தடவை அரம் பட்டது தேய்ந்து குட்டையாகிவிட்டது. மறுபக்கத்தில் ஒன்றிரண்டில் அரம் படவே இல்லை, பழைய மொட்டை அப்படியே இருக்கிறது. இந்தச் செயினைப் போட்டால் வாள் நேரே போகாது, ஒரு பக்கமாக வளைத்துக்கொண்டு போகும். இதைத்தான் நான் அடுக்களையில் நின்று கேட்டேன், வழி தெரியாமல் கதவைத் தட்டுகிற சத்தம். அயினியில் அந்தக் கை அகலக் கீல் இதனால் எப்படி வரும்? கழுவுகிறேன். எனக்கு வேறு என்ன தெரியும், கழுவத்தான் தெரியும். யோவேல் வருகிறான், இடுப்பில் மடித்துக் கட்டின சாரம், தோளில் வடம், வடத்தில் நாளைக்கு முடிச்சுப் போடுகிற இடத்தைப் பார்த்து வைக்கவேண்டும் என்று. "என்னக்கா, முகம் ஏன் வெளுத்துக் கெடக்கு?" என்றான். "டீசல் வாடை." "இந்த வாடையிலதான ஆயுசு முழுக்க இருக்க, இன்னைக்கு என்ன புதுசா?" நான் உள்ளே பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "லேய், நாளைக்கு நீ போவாத" என்றேன். வேறு எதையும் யோசிக்கவில்லை, அப்படியே வந்துவிட்டது. வடம் பிடிக்க ஆள் இல்லை என்றால் மரம் முறிக்க முடியாது. அவன் என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, "உனக்கும் தெரிஞ்சு போச்சா?" என்றான். பிரஷைக் கீழே வைத்தேன். "எனக்கு ஓணத்துக்கு முன்னமே தெரியும்க்கா. அத்தான் சொல்லல்ல, நானும் கேக்கல்ல. வடத்த பக்கத்து மரத்துல சுத்திக் கெட்டிப் போட்டுட்டு, நான் அவருக்க வலப்பக்கம் வந்து நிப்பேன். கொஞ்சம் மேல, கொஞ்சம் கீழன்னு சும்மா பேச்சுக் குடுக்குக மாதிரிச் சொல்லுவேன். அவரும் சும்மா கேக்குக மாதிரி கேப்பாரு. ஒண்ணும் ஆவல்லியே." அவன் சிரிக்கிறான். வடம் பிடிக்கிறவனுக்குத் தூரத்தில் ஓடுகிறதற்கு இடம் உண்டு, இவன் அந்த இடத்தை விட்டுவிட்டு மரத்தின் அடிமூட்டில் போய் நிற்கிறான், அவர் பார்க்காத பக்கத்தில். இத்தனை நாளும் நான் அடுக்களையில் ஒரு உயிருக்குத்தான் கரண்டியோடு நின்றிருக்கிறேன். இரண்டு உயிர் நின்றிருக்கிறது.

அவர் வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வருகிறார். "யாரு, யோவேலா? முடிச்சு இறுக வடத்த நனைச்சியா?" என்றார், வாள் பக்கத்தில் உட்கார்ந்தார், தகட்டைத் தட்டிப் பார்த்தார், பிறகு என் பக்கமாகக் கையை நீட்டினார். செயினுக்காக. எங்களிடத்தில் ஒரு முறை உண்டு, செயினை மாட்டி முறுக்குகிறவன்தான் அந்த வாளை எடுக்கவேண்டும், இறுக்கம் அவனுடைய கைக்குத்தான் தெரியும், ஒருவன் மாட்டினதை இன்னொருவன் எடுத்து மரத்தில் வைக்கமாட்டான். நான் செயினை எண்ணெயில் முக்கி வடிய விட்டுக்கொண்டு நிற்கிறேன். அவருடைய கை என் நேரே நீண்டிருக்கிறது, நேரே என்றால் நேரே இல்லை, என்னைவிட்டு ஒரு முழம் தள்ளி, வெறும் காற்றில். "தா பிள்ளே" என்கிறார். நான் யோவேல் பக்கம் திரும்பி, அவன் இரண்டு கையையும் பிடித்து, செயினை அதில் வைத்தேன். எண்ணெய் அவனுடைய சாரத்தில் சொட்டியது. "அக்கா" என்றான் அவன். "சிலது குட்டையா இருக்கு, சிலது அரமே படல்ல" என்று அவனிடம்தான் சொன்னேன், அவரைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை, "நல்லாப் பாத்து எல்லாத்தையும் ஒண்ணு போல ஆக்கு. பிறவு நீ மாட்டு." அவருடைய கை அப்படியே நீண்டிருந்தது, பிறகு பைய மடியில் வந்து விழுந்தது. கோபப்படுவார் என்று காத்துக்கொண்டு நிற்கிறேன். கோபப்பட்டால் நல்லது, கத்தினால் நல்லது. அவர் அரத்தை எடுத்து, வேட்டி நுனியால் துடைத்து, யோவேல் இருக்கிற பக்கமாக நீட்டினார், அதுவும் கொஞ்சம் தள்ளித்தான் போயிற்று, அவன் எட்டி வாங்கிக்கொண்டான். "ரொம்ப அமுக்காத லே. தள்ளும்போ மட்டும் அமுக்கு, இழுக்கும்போ தூக்கிரு" என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது, ஆனால் உடையவில்லை. பிறகு, "அப்போ வடம் நான் பிடிக்கேன். வடத்துக்கு கண்ணு வேண்டாம், கைப்பிடி போதும்" என்றார். கண் என்கிற வார்த்தை அவர் வாயிலிருந்தே வந்துவிட்டது. எனக்கு ஆறுதலாக இருக்கவேண்டும், இல்லை, பயம் இடம் மாறி உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான். இப்போது மரம் விழுகிற பக்கத்தில் இவர் நிற்பார். மரம் திருகினால் எந்தப் பக்கம் ஓடவேண்டும் என்று இவருக்கு யார் சொல்ல. நாளைக்கு அடுக்களையில் நின்று எந்தச் சத்தத்தைக் கேட்பேன், எந்தச் சத்தம் யாருடையது என்று எப்படிப் பிரிப்பேன். "அப்போ நானும் வருவேன்" என்றேன். "நீ எதுக்கு?" "உங்களுக்க வலப்பக்கம் நிக்க." "நின்னு என்ன செய்வ?" "நிப்பேன்." அவர் முகத்தை முழுக்கத் திருப்பி, இடது கண்ணால் என்னைத் தேடிப் பிடித்தார். "செருப்பு போட்டுட்டு வா" என்றார். "அங்கன முள்ளு கெடக்கும்."